அனுப்பி வைத்தோம்... திரும்பி வந்தபோது?

அக்டோபர் மாதத்தில் மறைபரப்பு ஞாயிறு வரும்போது, தொலைநாடுகளுக்குப் பணியாற்றப் போகிறவர்களுக்காக நாம் செபிக்கிறோம், காணிக்கையும் தருகிறோம். பணி முடிந்து சொந்த நாட்டுக்குத் திரும்பி வருகிறவர்கள் நம் மன்றாட்டுகளில் இடம்பெறுவது அரிது. 'ஊருக்குத்தானே வருகிறார்கள், அவர்களுக்கு என்ன குறை?' என்பதுதான் பொதுவான எண்ணம்.

திருத்தூதர் பணிகள் நூலில், அந்தியோக்கியா திருச்சபை நோன்பிருந்து, இறைவேண்டல் செய்து, கைகளை வைத்து பவுலையும் பர்னபாவையும் அனுப்பி வைக்கிறது. 14-ம் பிரிவின் இறுதியில் அவர்கள் அதே ஊருக்குத் திரும்புகின்றனர். அவர்கள் திரும்பியதை லூக்கா சில வரிகளில் சொல்லி முடிக்கிறார். திருச்சபை கூட்டப்படுகிறது, கடவுள் செய்தவற்றையெல்லாம் இருவரும் எடுத்துரைக்கின்றனர், பின்னர் சீடரோடு நெடுநாள் தங்குகின்றனர். வந்த மறுநாளே அவர்களை யாரும் அடுத்த வேலைக்கு விரட்டவில்லை. மாற்கு 6-ம் பிரிவில் இயேசுவும் இதையே செய்கிறார். பணி முடித்து வந்த சீடர்கள் சொல்வதைக் கேட்டபின், தனிமையான இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுக்கச் சொல்கிறார். (அந்த ஓய்வும் கிடைக்காமல் மக்கள் கூட்டம் முந்திக்கொண்டது வேறு கதை!)

நமக்கு மிகவும் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர், இடையில் ஒருமுறை தம் தாய்நாடான போர்த்துக்கல் சென்றார். மறவர் நாட்டில் சித்திரவதைகளை அனுபவித்தபின், அவர் லிஸ்பன் நகர் சேர்ந்தார். அரசர் பேத்ரோ அவருக்கு இளமைக்கால நண்பர். அரண்மனை அவருக்குப் புதிதல்ல. சிறுவனாக அங்கே பணிவிடை செய்தவர்தான். ஆனால், மதுரை மறைப்பணித்தளத்தில் பழகியபடியே அங்கும் காய்கறி உணவை மட்டும் உண்டார், தரையில் படுத்தார். அங்கேயே தங்கும்படி அரசர் விரும்பியும், 1690-ல் மீண்டும் இந்தியாவுக்குக் கப்பலேறினார். பிறந்த ஊர் அவருக்கு விருந்தினர் வீடாக மாறிவிட்டிருந்தது.

அவர் துறவி, திரும்பிவிட முடிந்தது. குடும்பமாகப் போகிறவர்கள் நிலை வேறு. மறைப்பணியாளர் என்றாலே அருள்பணியாளரும் அருள்சகோதரியும்தான் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால், அமெரிக்காவின் மேரிநோல் அமைப்பு 1975 முதல் பொதுநிலையினரையும் அனுப்பி வருகிறது. அவர்களில் குழந்தைகளோடு செல்லும் தம்பதியரும் உண்டு. 1988-ம் ஆண்டு டிசம்பர் 30, திருக்குடும்பத் திருவிழாவன்று, இத்தாலியின் போர்தோ சான் ஜோர்ஜோ என்ற ஊரில், நியோகேட்டகுமேனல் வழியைச் சேர்ந்த குடும்பங்களைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மறைப்பணிக்கு அனுப்பி வைத்தார். இப்படிப் போகும் குடும்பங்கள் ஒருநாள் திரும்பும்போது, பெற்றோருக்கு வேலை தேடவேண்டும், வாடகைக்கு வீடு பார்க்கவேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கவேண்டும். இவை கண்ணுக்குத் தெரியும் சுமைகள்.

கண்ணுக்குத் தெரியாத சுமையும் உண்டு. 1963-ல் கல்லஹார்ன் தம்பதியர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வெளிநாட்டில் தங்கித் திரும்பியவர்களைப் பற்றி எழுதினர். புதிய நாட்டில் ஒருவரது மனம் முதலில் உற்சாகமாக இருந்து, பின் சரிந்து, மெல்ல எழுகிறது. தாய்நாடு திரும்பியதும் அதே சரிவு இரண்டாம் முறையும் வருகிறது என்பது அவர்கள் கருத்து. முதல் சரிவுக்கு நாம் தயாராகப் போகிறோம். மொழி கற்கிறோம், பழக்கவழக்கங்களைக் கேட்டு அறிகிறோம். சொந்த ஊருக்குத் திரும்ப யார் பயிற்சி எடுக்கிறார்கள்? ஊர் மாறியிருக்கிறது, நாமும் மாறியிருக்கிறோம். இரண்டும் அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. ஒரே வகை சோப்பு கிடைத்தாலே போதும் என்று வாழ்ந்தவர், பெரிய அங்காடியில் நாற்பது வகைக்கு முன்னால் நின்று, எதையும் எடுக்க முடியாமல் வெறுங்கையோடு வெளியே வந்துவிடுவார். மேளதாளத்தோடு மூன்று மணி நேரம் நடக்கும் ஆப்பிரிக்கத் திருப்பலிக்குப் பழகியவர், ஐம்பதாவது நிமிடத்தில் கடிகாரம் பார்க்கும் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருப்பார். வளைகுடாவிலிருந்து திரும்பிய நம் பங்குக் குடும்பங்களுக்கு இதில் ஒரு பகுதியாவது புரியும்.

பிள்ளைகளின் பாடு இன்னும் கடினம். பெற்றோர் 'வீட்டுக்குத்' திரும்புகிறார்கள். பிள்ளைகளோ தங்கள் வீட்டை விட்டு வருகிறார்கள். இத்தகைய பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று அழைத்தவர் சமூகவியலாளர் ரூத் யூசீம். 1950-களில் அவரும் கணவர் ஜானும் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்தபோது உருவான சிந்தனை இது. பெற்றோரின் பண்பாடும் முழுமையாகச் சொந்தமில்லை, வாழும் நாட்டின் பண்பாடும் முழுமையாகச் சொந்தமில்லை; இரண்டுக்கும் நடுவே தாங்களே ஒன்றை அமைத்துக்கொள்கிறார்கள்.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவரது தாத்தா ஜான் ஸ்கடர் காலத்திலிருந்தே மறைப்பணியாளர் குடும்பம். ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவியருக்குப் பேறுகாலம் பார்க்க ஒரு பெண் மருத்துவரைத் தேடி வந்த கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதற்கு முந்தைய பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிறுமியாக அமெரிக்கா அழைத்துச் செல்லப்பட்ட ஐடாவை, பெற்றோர் இந்தியா திரும்பியபோது உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தனர். தாய் புறப்பட்ட இரவில் அந்தச் சிறுமி அழுத அழுகை அவரது வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. மறைப்பணியாளர் வாழ்வே வேண்டாம் என்று அவர் வளர்ந்ததில் வியப்பில்லை. அந்த மூன்று கதவுத் தட்டல்களும் அவரது மனதைத் திருப்பியது இறைவன் செயல். ஆனால், அதைச் சொல்லி அந்தச் சிறுமியின் கண்ணீருக்குக் கணக்கு முடித்துவிடுவது நியாயமாகத் தெரியவில்லை.

பெரியவர்களுக்கு வேறொரு வேதனை. 1936-ல் இந்தியா வந்து, பின்னர் தென்னிந்தியத் திருச்சபையின் ஆயராக மதுரையிலும் சென்னையிலும் பணியாற்றிய லெஸ்லி நியூபிகின் அவர்களும், அவரது துணைவியார் ஹெலனும் 1974-ல் இங்கிலாந்து திரும்பினர். விமானத்தில் அல்ல, இரண்டு பெட்டிகளோடும் ஒரு முதுகுப்பையோடும், கிடைத்த பேருந்துகளில் ஏறி, தரைவழியாகவே போனார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின், இந்தியாவிலிருந்து வந்ததில் எது மிகக் கடினம் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் தட்பவெப்பமோ உணவோ அல்ல. நம்பிக்கை காணாமல் போயிருக்கிறது என்றார். சென்னைக் குடிசைப் பகுதிகளில்கூட நாளை நன்றாக இருக்கும் என்ற எண்ணத்தைக் கண்டவர் அவர். பிற்பாடு பர்மிங்காமில், சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஒரு சிறிய ஆலயத்தின் பொறுப்பை ஏற்றார். அப்பகுதியில் வீடு சந்திக்கச் சென்றால், இந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தன. சொந்த நாட்டவர் வீடுகளில் பல கதவுகள் முகத்துக்கு நேரே அடைபட்டன. தம் நாடே இப்போது மறைப்பணித்தளம் என்று கண்டு, எழுபது வயதுக்கு மேல் அதைப் பற்றி நூல்கள் எழுதினார்.

டேவிட் போலக் என்ற அமெரிக்கர், இடம்பெயரும் குடும்பங்களுக்கு நான்கு மரங்களால் ஆன ஒரு தெப்பத்தைக் கட்டித் தந்தார். புறப்படுமுன் மனக்கசப்புகளைத் தீர்த்து ஒப்புரவாவது, நன்றி சொல்வது, மனிதரிடமும் இடங்களிடமும் வளர்த்த நாய்க்குட்டியிடமும்கூட முறையாக விடைபெறுவது, போகும் இடத்தைப் பற்றி உண்மையாக யோசிப்பது. இவை நான்கும் கிளம்பும் கரையில் நடக்கவேண்டியவை. வந்து சேரும் கரையில் இருப்பது பங்குத்தளம், அதாவது நாம்.

திரும்பிய குடும்பத்தைத் திருப்பலி முடிவில் பத்து நிமிடம் பேசவிட்டு, படம் காட்டச் சொல்லி, கைதட்டி அனுப்பிவிடுவது வழக்கம். அதைவிட, ஒரு வீட்டில் உட்கார்ந்து மாலை முழுவதும் கேட்பது நல்லது. 'எப்படி இருந்தது?' என்று கேட்டுவிட்டு, அவர்கள் வாய் திறக்குமுன் நம் கதையைத் தொடங்கவேண்டாம். இங்குள்ள வீண்செலவைப் பார்த்து அவர்கள் கோபப்பட்டால், பெருமை பேசுவதாக எடுத்துக்கொள்ளாமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம். ஓராண்டாவது மறைக்கல்வி வகுப்பையோ பாடகர் குழுவையோ அவர்கள் தலையில் கட்டாதிருப்போம்; அந்தியோக்கியாவில் அவர்கள் 'நெடுநாள்' சும்மா தங்கினார்கள். பிள்ளைகளிடம், உனக்கு எந்த ஊர் என்று கேட்பதைவிட, அங்கே உன் நண்பர்கள் யார் யார் என்று கேட்கலாம். அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதி வாங்கி, அடுத்த ஞாயிறு மன்றாட்டில் அந்தப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லலாம். நம் வாய்க்கு உச்சரிக்க வராத பெயர்களாக இருக்கும். அவர்கள் சரியாகச் சொல்லுவார்கள்.