ஸ்ரீகோசங்களும் அவற்றின் பிரதிகளும்

நஞ்சீயர் தாம் அருளிச்செய்த ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலை செய்வதற்காக நம்பூர் வரதராசரிடம் கொடுத்தருளினார். அவர் காவிரியைக் கடக்கையில் அந்த ஸ்ரீகோசம் வெள்ளத்திற் போயிற்று. ஆசார்யரிடம் கேட்டது நெஞ்சில் நின்றபடியே அவர் அதனை மீண்டும் எழுதி, நம்பிள்ளை என்னும் திருநாமம் பெற்றார். நம்பிள்ளையின் பெருமைக்காகவே இவ்வைதிஹ்யத்தைச் சொல்லி வருகிறோம். மூலம் ஒன்றே இருந்தது, அதுவும் பயணத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும்.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானமோ பெரும்பகுதி லுப்தமாயிற்று. மணவாள மாமுனிகள் லுப்தமான பாசுரங்களுக்கு மட்டும் வ்யாக்யானம் அருளி, பழைய உரை கிடைக்கத் தொடங்கும் இடத்திலே நிறுத்திக்கொண்டார். அப்படி நிரப்பவல்ல மாமுனிகள் அன்று இருந்தார். இன்று நம்மூர்களில் ஏடுகளை நிழற்படமாக்கி ஒரே ஹார்டு டிஸ்கில் சேர்த்து, அதையும் ஏட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அது பழுதானால் நிரப்புவார் யார்?

கணினித் துறையார் சொல்லும் விதி எளிது: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு பிரதி வெளியூரில். இதில் 'வெளியூர்' என்பதன் தாத்பர்யம் தூரமன்று. ஒரே ஆபத்து இரண்டையும் தொடாமை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது, தென்பெண்ணை கரைபுரண்டது, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில்கள் நின்றன. ஆகவே விழுப்புரத்துப் பிரதிக்குத் திண்டிவனம் வெளியூர் ஆகாது. ஸ்ரீரங்கமோ மேல்கோட்டையோ ஆகலாம்.

மூலத்தில் நேரும் மாற்றத்தை உடனுக்குடன் தானும் ஏற்கும் இணைப்புப் பிரதியைப் பலர் காப்பு என்றே எண்ணுகிறார்கள். மூலத்தில் ஒரு கோப்பு அழிந்தால் அதிலும் அழியும். லேககன் பிழையைப் பிழையென்று அறிவதற்குப் பழைய மாத்ருகை வேண்டியிருப்பது போலவே, இங்கும் சென்ற மாதத்து நிலை, சென்ற ஆண்டு நிலை என்று முந்தைய பிரதிகள் சில மாறாமல் இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைப்பதும் தகாது. குப்பையில் ரத்னம் மறையும். சுருக்கப்படாத மூலப்படங்களும், எந்த ஏடு யார் திருமாளிகையிலிருந்து வந்தது என்னும் பட்டியலும் நித்யம். (பட்டியலற்ற படம் பெயரற்ற ஏடே.) அறக்கட்டளைக் கணக்குகளுக்கு 2022-இல் வந்த வருமான வரி விதி பத்தாண்டு சொல்கிறது. அழைப்பிதழும் உத்ஸவ ஒளிப்படத்தின் பத்துப் படிகளும் ஓராண்டில் கழியலாம். எதைக் கழிப்பது என்பதை ஒருவர் தீர்மானிக்காமல், இருவர் கையொப்பமிட்டு எழுதி வைப்பது நன்று.

மாமுனிகள் திருநக்ஷத்ரமான ஐப்பசி மூலத்துக்கு முன்பாக, ஆண்டுதோறும் வெளியூர்ப் பிரதியிலிருந்து மட்டும் சில கோப்புகளை வரவழைத்துத் திறந்து, ஏட்டோடு ஒப்பிட்டு வாசிக்க வேண்டும். திறவாதவற்றை அவ்வாண்டே மீண்டும் படமெடுக்க வேண்டும். ஏடு அதற்குள் செல்லரித்திராமல் இருக்க வேண்டுமே.