திரை இருண்டால் கணினி இறந்ததா?



2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பல கிராமத்து வீடுகளுக்கு முதல் கணினி வந்தது அப்படித்தான். தொடக்க ஆண்டுகளில் தரப்பட்டவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. முகையூர், கண்டாச்சிபுரம் பக்கம் அக்காவோ அண்ணனோ வாங்கி வந்த அத்தகைய கணினி இன்று பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கலாம். அந்நாளில் பரவலாக இருந்த விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்திவிட்டது. ஆகவே புதிய லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, அதே கணினியில் நிறுவ முயல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

தயாரிப்பாளரின் சின்னம் தெரிகிறது. நான்கைந்து வரிகள் ஓடுகின்றன. பிறகு ஒரே இருட்டு! "டிஸ்பிளே போய்விட்டது" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இத்தகைய நேரங்களில் பெரும்பாலும் எதுவும் போயிருப்பதில்லை. ஏன் என்று பார்ப்போமா?

ஒரு நொடியில் 25 கோடி

பழைய மடிக்கணினிகள் பலவற்றின் திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 10,49,088 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 4 பைட் என்றால், ஒரு முழுப் படத்துக்கு 41,96,352 பைட் வேண்டும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது நொடிக்கு 25 கோடி பைட்டுக்கு மேல்!

இத்தனையையும் தவறாமல் அனுப்புவது கிராஃபிக்ஸ் சில்லின் வேலை. அதை வேலை வாங்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அந்தத் தகவலைத் திரையிலுள்ள திரவப் படிகம் படமாக்குகிறது. திரவப் படிகம் தானாக ஒளி தராது; ஜன்னல் கதவைப் போல ஒளியை விடும், அல்லது தடுக்கும். ஒளி தருவது அதன் பின்னே உள்ள விளக்கு. இதைப் பின்னொளி என்போம்.

ஓட்டுநர் மாறும் இடம்

டிப்போவிலிருந்து விழுப்புரம் பேருந்து நிலையம் வரை ஒரு பேருந்தை ஒருவர் ஓட்டி வருகிறார். அங்கிருந்து திருக்கோவிலூருக்கு ஓட்டுகிறவர் வேறொருவர் எனக் கொள்வோம். கணினியிலும் இப்படித்தான். சுவிட்சைப் போட்டதும் சின்னத்தைக் காட்டுவது தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள சிறு நிரல். பிறகு லினக்ஸின் மையமான கெர்னல், தன் சொந்த டிரைவரிடம் சில்லை ஒப்படைக்கிறது. இண்டெல் சில்லுகளுக்கு இந்த முறை 2009-இல் கெர்னலில் சேர்ந்தது.

வண்டியை வாங்கியதும் புதிய டிரைவர், "உன் அளவு என்ன?" என்று திரையைக் கேட்கிறது. திரை தன் அளவுகளை 128 பைட் கொண்ட குறிப்பாகத் தன்னிடமே வைத்திருக்கும். அந்தக் குறிப்பைச் சரியாகப் படிக்க முடியாவிட்டாலோ, சில்லுக்கு வேண்டிய துணைக் கோப்பு கிடைக்காவிட்டாலோ, பின்னொளி அணைந்துவிட்டாலோ திரை இருண்டுவிடும். சின்னம் தெரிந்ததே, அது என்ன சொல்கிறது? திரையும் கேபிளும் நல்ல நிலையில் இருப்பதற்கு அது நல்ல சான்று.

நான்கு சோதனைகள்

இருட்டில் விசைகளைக் கண்டபடி அழுத்தாதீர்கள். நிறுவும் வேளையில் ஒரு தவறான 'சரி' போதும், அக்காவின் படங்களும் பாடக் குறிப்புகளும் அழிந்துபோகும். மாறாக, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

1. கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்திருக்கிறது.

2. அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் குறை பின்னொளியில்தான். சூரியன் படம் போட்ட ஒளி கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள்.

3. பள்ளியில் உள்ள மானிட்டரையோ புரொஜெக்டரையோ இணையுங்கள். அதில் படம் வந்தால் சில்லு வேலை செய்கிறது.

4. கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் கெர்னலும் டிரைவரும் சரி. குறை மேலே உள்ள டெஸ்க்டாப்பில். எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய டெஸ்க்டாப்பை முயலுங்கள்.

முதலில் தற்காலிக வழி

உபுண்டுவின் தொடக்கப் பட்டியலில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்றும், மிண்டில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்றும் ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். அப்படி வரி இல்லாத லினக்ஸானால், பட்டியலில் 'இ' விசையை (சில பழைய கணினிகளில் டேப் விசையை) அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோ', 'மோட்', 'செட்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒரே சொல்லாக, சிறிய எழுத்தில் சேருங்கள். பிறகு எஃப் 10 விசை (டேப் முறையில் என்டர்). "ஓட்டுநரை மாற்றாதே, பழையவரே ஓட்டட்டும்" என்பதே இதன் பொருள்.

படம் வரும்; ஆனால் வேகம் குறையும், ஒளியைக் கூட்டிக் குறைக்க முடியாமல் போகலாம். இப்படித் தட்டச்சு செய்த மாற்றம் அந்த ஒரு முறைக்குத்தான். இது ஊன்றுகோல், கால் அல்ல!

பிறகு நிலையான வழி

டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் 'எல்-எஸ்-பி-சி-ஐ' என ஒரே சொல்லாக அடித்து, இடைவெளி விட்டு, '-கே' சேருங்கள். சில்லின் பெயரும் அதை இயக்கும் டிரைவரின் பெயரும் தெரியும். இண்டெல் என்றால் டிரைவர் கெர்னலிலேயே உண்டு. புதிய கெர்னல் பெரும்பாலும் போதும். ஏ.எம்.டி. ரேடியான் என்றால் துணைக் கோப்புகள் தேவை. டெபியன் 12 (2023) முதல் நிறுவல் கோப்பிலேயே இவை சேர்க்கப்பட்டுள்ளன. அதற்கு முந்தைய பென் டிரைவ்தான் பலரைத் திணறடித்தது. பழைய என்விடியா என்றால் 'நூவோ' என்ற திறந்த டிரைவரே பெரும்பாலும் துணை. சில்லின் பெயரைக் குறித்துக்கொண்டு கேட்டால், விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு போன்றோர் உதவுவது எளிது.

ஒரு வேளையில் ஒரு மாற்றம் மட்டும், அதன் விளைவைக் குறித்துக்கொள், பிறகு அடுத்தது. ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் நீளத்தையும் குண்டின் எடையையும் ஒரே நேரத்தில் மாற்றுவோமா? மாற்றமாட்டோம் அல்லவா! இங்கும் அதே விதிதான். 'கெட்டுவிட்டது' என்பது சோதனைகளின் முடிவில் சொல்ல வேண்டிய சொல், தொடக்கத்தில் அல்ல.

செய்து பாருங்கள்

குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் உள்ள திரைக்கு நொடிக்கு எத்தனை பைட் தேவை? பழைய திரையைப் போல இது எத்தனை மடங்கு? புதிய திரைகளைப் பழைய சில்லுகள் ஓட்டத் திணறுவது ஏன் என்பது உங்களுக்கே விளங்கும்.