கிணற்று நீர் இறைக்கக் காற்றாலை: எத்தனை இறக்கை வேண்டும்?

தருமபுரி மாவட்டத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கிணற்றில் ஊறும் கொஞ்சம் நீரை வைத்துத் தக்காளியோ கேழ்வரகோ பயிரிடும் சிறு விவசாயிக்கு, சும்மா வீசும் காற்றைக் கொண்டே நீர் இறைத்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. காற்று இனாம்தான், காற்றாலை இனாம் அல்ல. ஆகவே பணத்தைப் போடுமுன், அதன் இறக்கை எப்படி வேலை செய்கிறது என்று அறிந்துகொள்வது நல்லது.

இறக்கையைச் சுழற்றுவது எது?

முறத்தைக் காற்றுக்கு எதிரே பிடித்தால் காற்று அதைத் தள்ளுகிறது. காற்றாலை இறக்கை இப்படித் தள்ளப்பட்டு மட்டும் சுழல்வதில்லை. இறக்கையின் ஒரு பக்கம் புடைத்து வளைந்திருக்கும். அந்தப் பக்கமாக ஓடும் காற்றின் அழுத்தம் குறைகிறது. இறக்கை அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. ஆகாய விமானத்தை மேலே தூக்குவதும் இதே விசைதான். 1960களில் பெங்களூரில் இருந்த தேசிய விமான ஆராய்ச்சிக் கூடமே கிணற்று நீர் இறைக்கும் காற்றாலையையும் வடிவமைத்ததற்குக் காரணம் இதுவே.

நல்ல இறக்கை சற்று முறுக்கியும் இருக்கும். களத்தில் மாடுகளைப் பிணைத்துப் போரடிக்கும்போது நடுவில் உள்ள மாடு மெல்ல நடக்கும். ஓரத்து மாடு ஓட வேண்டும். இறக்கையும் அப்படியே. அடிப்பகுதி மெதுவாகவும் நுனி வேகமாகவும் சுற்றுவதால், காற்று இரண்டையும் ஒரே கோணத்தில் சந்திப்பதில்லை. ஆகவே அடியில் அதிகச் சாய்வும் நுனியில் குறைந்த சாய்வும் வைக்கிறார்கள்.

மூன்றா, பன்னிரண்டா?

மின்சாரம் எடுக்கும் காற்றாலைக்கு மூன்று இறக்கைகள் போதும். மின் இயந்திரத்துக்கு வேண்டியது வேகம். இறக்கையின் நுனி காற்றைப் போல ஆறு, ஏழு மடங்கு வேகத்தில் செல்லும். 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நிறுவப்பட்டவை 55 கிலோவாட் இயந்திரங்கள். இன்று 200 அடிக்கும் நீளமான இறக்கைகள், எடை குறைவாகவும் உறுதியாகவும் இருக்க, கண்ணாடி இழையாலும் பிசினாலும் செய்யப்படுகின்றன.

கிணற்றுப் பம்புக்கு வேண்டியது வேகம் அல்ல, இழுக்கும் பலம். குழாயில் நிற்கும் நீரின் பாரத்தை முதல் சுற்றிலேயே தூக்கியாக வேண்டும். இறக்கைகள் பல இருந்தால் இளங்காற்றிலும் சக்கரம் பலத்துடன் கிளம்பும். 1980களில் நாட்டின் பல பகுதிகளில் வைக்கப்பட்ட ‘12 பி.யூ. 500’ காற்றாலையில் 12 இறக்கைகள். சக்கரத்தின் குறுக்களவு 500 சென்டிமீட்டர், அதாவது சுமார் 16 அடி. மூன்று மெல்லிய இறக்கைகளைக் காட்டி ‘நவீனமானது’ என்று யாராவது சொன்னால், அது பம்பை நேரடியாக இழுக்குமா என்று கேளுங்கள்.

எவ்வளவு நீர் கிடைக்கும்?

காற்றின் சக்தி முழுவதையும் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது. அப்படி எடுத்தால் காற்று சக்கரத்தின் பின்னாலேயே தேங்கி, அடுத்து வரும் காற்றைத் தடுத்துவிடும். 100-க்கு 59 பங்குக்கு மேல் எடுக்க முடியாது என்று 1920-ல் ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். பம்பு, தண்டு முதலியவற்றின் இழப்பும் போக, எட்டில் ஒரு பங்கு நீருக்குச் சேர்வதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 11 கிலோமீட்டர் காற்றில் 16 அடிச் சக்கரம் 33 அடி ஆழத்திலிருந்து மணிக்குச் சுமார் 1,400 லிட்டர் இறைக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் அரை ஏக்கர் காய்கறிக்குச் சொட்டு நீராக விடப் போதும். ஆழம் 100 அடியானால் மணிக்குச் சுமார் 450 லிட்டர்தான். மாடு கன்றுக்கும் மாங்கன்றுக்கும் ஆகும். பல நூறு அடி ஆழ்குழாய்க் கிணற்றுக்கு இது ஏற்றதல்ல.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒன்றாகிவிடும். ஆகவே இறக்கையைவிட இடமே முக்கியம். தமிழ்நாட்டின் மின் காற்றாலைகள் பெரும்பாலும் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்களின் காற்றை நம்பியவை. நம் மாவட்டம் அப்படிப்பட்ட கணவாய்க்கு எதிரே இல்லை. அங்கே ஓடுகிறது என்பதற்காக இங்கேயும் ஓடும் என்று எண்ணக் கூடாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. ஓராண்டு காற்றைக் கவனித்துக் குறித்து வையுங்கள். இலை மட்டும் சலசலத்தால் காற்று போதாது. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். புழுதி கிளம்பினால் 20-க்கு மேல். ஆடிக் காற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் மாதங்களில் காற்று உண்டா என்று பாருங்கள்.

2. 300 அடி சுற்றளவில் உள்ள புளி, தென்னை முதலிய மரங்களைவிடச் சக்கரம் 30 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும்.

3. காற்றில்லாத நாட்களுக்காகத் தொட்டி கட்டுங்கள்.

4. ஓர் இறக்கை வளைந்தால், அதே எடையும் வளைவும் உள்ளதையே மாற்றுங்கள். கனமான தகட்டைப் பொருத்தினால் சக்கரம் குலுங்கிப் போல்ட்டுகள் தளரும்; கோபுரமே ஆட்டம் காணும்.

5. பம்பு வாஷரையும் பேரிங் கிரீசையும் காலத்தில் கவனியுங்கள். புயல் காற்றில் சக்கரத்தை ஒதுக்கும் வால் சரியாக இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

மின் இணைப்பு உள்ள கிணற்றுக்குக் காற்றாலை தேவைப்படாது. இணைப்பு இல்லாத இடத்தில், சூரியசக்திப் பம்புசெட்டின் விலையையும் மானியத்தையும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆழமில்லாத கிணறு, திறந்த மேட்டு நிலம், மாதக் கணக்கில் நிற்காத காற்று ஆகிய மூன்றும் அமைந்தவர்களுக்குப் பல இறக்கைக் காற்றாலை கைகொடுக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பணத்தைக் கிணற்றைத் தூர் வாரவும் பண்ணைக்குட்டை வெட்டவும் செலவிடுவதே மேல்.