தானே எடுக்கும் மாதிரி

கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறிய நெடுங்காலம் இருந்த வழி பாப் ஸ்மியர். கருவியால் பிறப்புறுப்பை விரித்து, கருப்பை வாயிலிருந்தே செல்களைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கூச்சம், வலி, பாலியல் வன்முறையின் நினைவு, ஊரில் பெண் மருத்துவர் இல்லாமை என்று ஏதோ ஒரு காரணத்தால் பலர் தள்ளிப்போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இந்நோய் கண்டவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள் அல்லது உரிய காலத்தில் செய்துகொள்ளாதவர்கள். பூர்வகுடிப் பெண்களுக்கு இந்நோய் மற்றவர்களைப்போல ஏறத்தாழ இருமடங்கு வருகிறது.

2017 டிசம்பரில் அந்நாடு பாப் ஸ்மியரைக் கைவிட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் எச்பிவி பரிசோதனைக்கு மாறியது. இது செல்லின் உருமாற்றத்தைத் தேடுவதில்லை. அதற்குக் காரணமான எச்பிவி என்னும் வைரஸின் மரபணுவைத் தேடுகிறது. கருப்பை வாயிலிருந்து உதிரும் செல்களோடு அந்த வைரஸ் யோனிப் பாதையிலும் இருக்கும். துளியளவு இருந்தாலும் பிசிஆர் முறை அதைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டிவிடும். அதனால் கருப்பை வாயைத் தொடவே தேவையில்லை. பெண் தானே திரைக்குப் பின்னால் நின்று, மெல்லிய பஞ்சுக் குச்சியைச் சில சென்டிமீட்டர் உள்ளே செலுத்திச் சுழற்றி எடுத்தால் போதும். பிசிஆர் முறையில் சோதிக்கும்போது இதன் துல்லியம் மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு நிகரானது.

இருந்தும் முதலில் ஒரு நிபந்தனை இருந்தது. 30 வயதைக் கடந்து, பரிசோதனையை ஆண்டுக்கணக்கில் தவறவிட்டவர்களுக்கு மட்டுமே இந்த வாய்ப்பு. அதாவது கருவிக்கு அஞ்சும் பெண், ஆபத்து கூடும்வரை காத்திருந்தால்தான் குச்சி கிடைக்கும்! அக்கறையோடு வகுத்த விதிதான்; ஆனால் அநீதியானது. 2022 ஜூலை 1 முதல் 25 முதல் 74 வயதுவரை எல்லோருக்கும் இந்த வாய்ப்பு திறந்தது. 2023 இறுதியில், பரிசோதனைக்கு வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இதையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் வைரஸ் இருப்பது தெரிந்தபின் குச்சியால் ஆவது எதுவுமில்லை. எச்பிவி 16, 18 வகை என்றால், கருப்பை வாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு நேரே போக வேண்டும். வேறு வகை என்றால், செல்களைப் பார்ப்பதற்காகக் கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுக்கத் திரும்ப வர வேண்டும். நகரத்துப் பெண்ணுக்கு அது ஒரு பிற்பகல் வேலை. நாட்டின் வடகோடியிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவுப் பெண்ணுக்கோ கடல் கடந்த பயணம். பயணச் செலவையும் துணைக்கு வரும் சுகாதாரப் பணியாளரையும் பரிசோதனைத் திட்டமே தந்தாக வேண்டும்.

லட்சம் பெண்களில் ஆண்டுக்கு 4 பேருக்கும் குறைவாக நோய் வருவதையே உலக சுகாதார நிறுவனம் ‘ஒழிப்பு’ என்கிறது. ஆஸ்திரேலியா 2035-க்குள் அங்கே போய்ச்சேர எண்ணுகிறது. அது நாட்டின் சராசரிக் கணக்கு. பூர்வகுடிப் பெண்களின் கணக்கு 4-க்குக் கீழே இறங்கும் ஆண்டையும் அரசு தனியாக அறிவிக்க வேண்டும்.