குசினிச் சுவருக்கு ரைல் பதிக்க முன்னர்

ரொறன்ரோவுக்கு வந்த ஆரம்ப காலத்தில் எம்மில் பலர் தொடர்மாடிக் கட்டடங்களிலேயே குடியிருந்தோம். ஒரு சின்னக் குசினி. அதில் இரண்டு குடும்பம் சமைக்கும். அடுப்புக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். மீன் பொரித்தாலும் பயம், கறி தாளித்தாலும் பயம். மஞ்சள் தெறித்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று அலுமினியத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்தோம். எண்ணெய் படிந்த தாளைக் கழற்றிப் புதியது ஒட்டுவதும் ஒரு வீட்டு வேலையாகவே இருந்தது.

ஊரில் இந்தப் பயம் இருக்கவில்லை. அநேக வீடுகளில் குசினி பின்பக்கமாகத் தனியே இருந்தது. புகை கூரை வழியே போனது. கரி பிடித்த சுவரை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை.

இன்று எம்மவர்கள் பலர் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் சொந்த வீடு வாங்கிவிட்டார்கள். வாங்கிய கையோடு குசினிச் சுவருக்குப் பூப்போட்ட ரைல் பதிக்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் கடையில் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் கறையை உரஞ்சி உரஞ்சிக் கை நோகிறவர்களையும் நாம் அறிவோம். ஆகவே எமது சமையலைத் தாங்கும் சுவர் எது என்பதை முதலில் பார்ப்போம்.

மஞ்சளும் புளியும்

எமது குசினியின் முதல் எதிரி மஞ்சள். மினுக்கம் பூசிச் சூளையில் சுட்ட பீங்கான் ரைலில் அது ஊறாது. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். மாபிள் கல் அப்படியல்ல. மஞ்சளை உறிஞ்சும், தேசிக்காய்ப் புளியோ பழப்புளியோ பட்டால் மினுக்கம் போய்த் தழும்பு விழும்.

நல்ல ரைல் பதித்த வீட்டிலும் கறை பிடிப்பது ரைலில் அல்ல, இடைவெளியில் பூசும் கிறவுட்டில். சாதாரண கிறவுட் சீமெந்துச் சாந்து. அதில் நுண்துளைகள் உண்டு. எனவே வெள்ளை கிறவுட்டைத் தவிர்த்துச் சாம்பல் அல்லது மண்ணிறம் கேளுங்கள். அடுப்புக்குப் பின்னால் மட்டுமாவது எப்பொக்சி கிறவுட் பூசுவது நல்லது. விலை கூட, பதிப்பதும் சிரமம், ஆனால் கறை எளிதில் ஊறாது. பெரிய ரைல் போட்டால் இடைவெளியும் குறையும், உரஞ்சும் வேலையும் குறையும்.

மஞ்சள் கறையைச் சவர்க்காரத்தால் துடைத்தால் சிவப்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். ஆலாத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பதும் இதே காரணத்தால்தான். தண்ணீரால் நன்கு கழுவுங்கள். எஞ்சும் மஞ்சள் வெயில் படும் இடமென்றால் நாளடைவில் வெளிறிவிடும். வினாகிரி சீமெந்து கிறவுட்டை அரிக்கும். பிளீச்சோடு வினாகிரியை ஒருபோதும் கலக்க வேண்டாம், நச்சுவாயு கிளம்பும்.

எமது கோலங்கள்

பாரம்பரியக் குசினிக்கு எந்தக் கோலம் பொருந்தும்? செட்டிநாட்டு வீடுகளின் தரையை அலங்கரிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பலர் விரும்புகிறார்கள். கண்ணாடித் தட்டின் மேல் வர்ணச் சீமெந்தை அச்சில் வார்த்துக் கையால் செய்வது அது. சூளையில் சுடுவதில்லை, மினுக்கமும் பூசுவதில்லை. ஆகவே எண்ணெயும் மஞ்சளும் அதில் ஊறும். அடுப்பிலிருந்து தள்ளிய சுவரில், மேற்பூச்சுப் பூசிப் பதிக்கலாம். அடுப்படிக்கு அதே கோலம் அச்சிட்ட பீங்கான் ரைல் போதும்.

வெள்ளையில் நீலப் பூ வரைந்த ரைலையும் பார்த்திருப்பீர்கள். ஒல்லாந்தில் டெல்வ்ற் என்ற நகரம் அதற்குப் பேர்போனது. எமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்ததும் அந்த நகரத்தின் பெயரைத்தான். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து வீடுகளில் அடுப்பங்கரையைச் சுற்றி அந்த ரைல்களைப் பதித்தார்கள். அவர்களுக்கும் புகையும் கரியும்தான் பிரச்சினை.

முழுச் சுவருக்கும் பூ வேண்டாம். வெள்ளையோ சந்தன நிறமோ போட்டு, அடுப்புக்கு நேர்மேலே மட்டும் நாலைந்து கோல ரைல் வைத்தால் கண்ணுக்கும் நல்லது, காசும் மிச்சம்.

கணக்கு

மேசைத் தட்டுக்கும் மேல் அலுமாரிக்கும் இடையே சாதாரணமாக ஒன்றரை அடி இருக்கும். 10 அடி நீளச் சுவருக்கு 15 சதுர அடி. உடைவதற்கும் வெட்டுவதற்கும் 10 வீதம் கூட்டினால் ஏறக்குறைய 17 சதுர அடி. பதித்தபின் மிஞ்சுவதை எறியாதீர்கள். ஒன்று வெடித்தால் அதே நிறத்தில் பிறகு கிடைக்காது.

வாடகை வீடென்றால்

வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் பெறாமல் சுவரில் கை வைக்க வேண்டாம். உரித்து ஒட்டும் ரைல் உண்டு. அடுப்புச் சூட்டைத் தாங்குமா என்று உறையில் பார்த்து, ஒரு மூலையில் ஒட்டிக் கழற்றிப் பாருங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒன்ராறியோவில் கடைசி மாத வாடகையை முற்பணமாக வாங்கலாமே தவிர, சேதத்துக்கென்று முற்பணம் கேட்கச் சட்டம் இடந்தராது.

கடைசியாக ஒன்று. ரைல் தெரிவு செய்யக் கடைக்குப் போகும்போது வீட்டில் சமைக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவோ அம்மம்மாவோ, அப்பாவோ, யாராயினும் சரி. வருகிற விருந்தினர் அந்தச் சுவரை ஒரு நிமிடம் பார்ப்பார்கள். அதன் முன்னே நாள்தோறும் நிற்பவர் அவர்தான். அலுமினியத் தாளுக்குப் பின்னால் பயந்து பயந்து தாளித்த காலம் போதும்.