சிவனொளிபாதமலைக்கு முதன்முறை

திருக்கோணமலையிற் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு மலை என்றதும் நினைவில் எழுவது கோணேசர் மலையேயாம். கடலினின்றும் செங்குத்தாய் ஏறத்தாழ 400 அடி உயர்ந்து நிற்கும் அப்பாறையின் உச்சியை, பிரெடெரிக் கோட்டை வாயிலால் நுழைந்து, இடுப்பிற் குழந்தையுடனும் எளிதில் அடைந்துவிடலாம். மலையேற்றம் பற்றிய அவருடைய அனுபவம் அவ்வளவே. அவர் ஒருநாள் நண்பர் கூட்டத்தோடு சேர்ந்து, 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையை இரவோடிரவாக ஏறப் புறப்படுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவரை எவ்வாறு அழைத்துச் செல்வது? இக்கேள்விக்கு நம் நாட்டில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு.

அம்மலைக்கு முதன்முறை செல்வோரைச் சிங்கள மக்கள் 'கோடுகாரயா' என்பர். யாத்திரைக் கூட்டத்துக்கு 'நடே' என்றும், அதனை வழிநடத்தும் மூத்தவருக்கு 'நடே குரா' என்றும் பெயர். தமிழ்ச் செவிக்கு அது நடையையும் குருவையும் சேர்த்துச் சொன்னதுபோல் ஒலிப்பது இனிய தற்செயலாக இருக்கலாம். புதியவருக்கெனத் தனிப் பெயரே வைத்திருப்பதன் பொருளை நேயர்கள் கவனித்தல் வேண்டும். கூட்டத்தின் வேகத்தை நிர்ணயிப்பவர் வலியவர் அல்லர், அப்புதியவரே. அவர் கூட்டத்தின் நடுவே நடப்பார். அனுபவமுள்ள ஒருவர் முன்னும் மற்றொருவர் பின்னும் செல்வர். 'இன்னும் எவ்வளவு தூரம்' என்று கேட்பதும், 'களைத்தேன்' என்று புலம்புவதும் வழியில் ஆகாதெனப் பழையவர்கள் கற்பிப்பர். இதனை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடுதல் எளிது. எனினும், ஒருவர் வாய்விட்டுக் களைப்பென்றால் பத்துப்பேருக்குக் கால் தளரும் என்பதை, மாணவரை நெடுந்தூரம் நடத்திச் சென்ற எவரும் அறிவர்.

புதியவர் முதலிற் கற்கவேண்டியது காற்றின் கணக்கு. திருக்கோணமலைக்கும் இம்மலைக்கும் பருவம் நேர் எதிரானது. வைகாசி முதல் புரட்டாதி வரை நமது குடாவில் கடல் அமைதியாயிருக்கும், வானம் தெளிந்திருக்கும், கச்சான் வீசி நிலம் வறண்டு கிடக்கும். பாடசாலை விடுமுறையும் இடையே வருதலின், பயணத்துக்கு அதுவே தக்க காலமென்று தோன்றும். ஆனால் அந்தக் கச்சான் யாது? தென்மேற் பருவப்பெயர்ச்சிக் காற்றேயன்றோ! இந்து சமுத்திரத்தில் அள்ளிவந்த நீரையெல்லாம் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிற் கொட்டித் தீர்த்த பின்னரே அக்காற்று உலர்ந்து கீழ்க்கரைக்கு வருகின்றது. நமக்கு வெயில் எறிக்கும் நாளில் சிவனொளிபாதம் மழையிலும் சூறைக்காற்றிலும் மறைந்திருக்கும். வழிவிளக்குகள் எரியா, தேநீர்க்கடைகள் மூடியிருக்கும், படிகளில் நீர் அருவியாய் ஓடும். யாத்திரைக்காலம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையில் முடிவதற்குக் காரணம் இதுவே. அவற்றுள்ளும் தை, மாசி மாதங்கள் மிகவும் உகந்தவை. பருவந் தவறிப் புதியவரை அழைத்துச் செல்வது துணிவன்று, பொறுப்பின்மையே.

அடுத்தது குளிர். ஆயிரம் மீற்றர் உயர ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பது பொதுவிதி. துறைமுக நகரில் இரவு 25 பாகையாயிருப்பின் உச்சியில் 10 பாகைதான் இருக்கும். காற்று வீசினால் உடல் அதனினும் குறைவாக உணரும். புதியவர் பெரும்பாலும் செய்யும் பிழை இவ்விடத்திலேயே நிகழ்கின்றது. அவர் மாலையிலேயே ஏறத் தொடங்கி, உற்சாகத்தில் விரைந்து, வியர்வையில் நனைந்து, நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னர் உச்சியை அடைந்துவிடுவார். விடிய நான்கு மணி நேரம் இருக்கும். நனைந்த சட்டையின் ஈரம் உடற்சூட்டை விரைந்து கவர்ந்துவிடும், பற்கள் கிட்டும், கைவிரல்கள் மரக்கும். நல்ல வழிகாட்டி இரவு 1 மணிக்கோ 2 மணிக்கோதான் அடிவாரத்தை விட்டுப் புறப்படுவார். உலர்ந்த சட்டை ஒன்றையும் கம்பளி உடையையும் பொதியில் வைத்து, உச்சிக்குச் சற்றுக் கீழே மாற்றிக்கொள்ளச் செய்வார். இத்தனை மணிக்குள் ஏறினேன் என்று பெருமை பேசும் வழக்கம் அண்மைக்காலத்தில் மிகுந்து வருகின்றது. அது ஓட்டப்பந்தயத் திடலுக்கு உரியது.

திருக்கோணமலையார் அற்றன் வழியாக மஸ்கெலியாவைக் கடந்து நல்லதண்ணியை அடைவர். அங்கிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 1,000 மீற்றர். தேயிலைத் தோட்டங்களினூடே மெல்லச் செல்லும் வழி, யப்பானியர் அமைத்த சமாதானத் தாதுகோபத்தைக் கடந்து சீதகங்குலை என்னும் குளிர்ந்த ஓடையை அடைகின்றது. அதில் நீராடுதலோ முகங்கால் கழுவுதலோ மரபு. மேலே 'இந்திகட்டுபான' என்னுமிடத்தில் முதன்முறை வருவோர் ஊசியில் நூலைக் கோத்து, நூலை இழுத்துக்கொண்டே ஏறுவர். புத்தபெருமான் தம் துவராடையைத் தைத்த இடம் அதுவென்பது ஐதிகம். கைவிளக்கொளியில் வழிநெடுக வெண்ணூல் சிலந்தி வலைபோல் மின்னும் காட்சி, புதியவருக்குக் களைப்பை மறக்கச் செய்யும். 'மகாகிரிதம்ப' என்னும் இறுதிச் செங்குத்து அதன் பின்னரே தொடங்குகின்றது.

இரத்தினபுரிப் பக்கத்து வழி இதனினும் நீண்டது, பழமையானது. 1344 இல் இபுனு பதூதா என்னும் மொரோக்கோ நாட்டுப் பயணி மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கியபோது, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அவரை இம்மலைக்கு அனுப்பிவைத்தான். ஆண்டுதோறும் பாததரிசனத்துக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரசனுடைய துணைவர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் உடன் சென்றனர். உலகஞ் சுற்றிய அம்மனிதரும் அன்று ஒரு கோடுகாரரே! முதலில் யோகியரைச் சேர்த்த அரசனின் மதி பாராட்டத்தக்கது. பாறையிற் பதித்த பத்துச் சங்கிலிகளைப் பற்றி ஏறியதை இபுனு பதூதா எழுதியிருக்கின்றார். உச்சிக்குக் கீழேயுள்ள கிதுரு நபி குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பது அக்கால வழக்கமென்றும், தாமும் அவ்வாறே செய்ததாகவும் கூறுகின்றார்.

இன்று அவ்வாறு காட்டில் இராத்தங்குதல் இயலாது. 1940 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அக்காடு, மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் அடங்கியதாக 2010 முதல் விளங்குகின்றது. யானையும் சிறுத்தையும் வாழும் அவ்விடத்தில் கூடாரம் அடித்தலும் தீ மூட்டுதலும் முறையல்ல. பொலித்தீன் உறை ஒன்றையும் விட்டுவிட்டு வருதல் தகாது. இளைப்பாற வழியில் அம்பலங்கள் உள. புதியவர் அங்கே கால்மணிக்கு மேல் இருந்தால் தசைகள் இறுகிவிடும்; ஆதலால் இனிய தேநீர் ஒரு கோப்பை அருந்தியதும் எழுதல் நன்று.

உச்சியிலுள்ள பாதச்சுவட்டைச் சைவர் சிவனுடையதென்பர், பௌத்தர் புத்தருடையதென்பர், இசுலாமியரும் கிறித்தவருட் பலரும் ஆதம் பெருமானுடையதென்பர். எல்லோரும் ஏறுவது ஒரே படிகளில். அங்குள்ள மணியை, எத்தனையாவது முறை வந்தனரோ அத்தனை தடவை அடித்தல் வழக்கம். இருபது, முப்பது என்று அடிக்கும் முதியோரின் நடுவே புதியவர் ஒரே ஒருமுறை அடித்துவிட்டு நாணத்துடன் ஒதுங்கி நிற்பார்.

சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கையே நோக்குவர். வழிகாட்டி புதியவரின் தோளைத் தொட்டு மேற்கே திருப்புவார். அங்கே மூடுபனியின் மேல் மலையின் நிழல் முக்கோணமாய் விழுந்திருக்கும். மலை கூம்பு வடிவினதாதலால் நிழலும் அவ்வாறாயிற்று எனப் பலர் எண்ணுவர். மலையின் வடிவம் யாதாயினும் நெடுந்தூரம் நீளும் நிழல் அவ்வாறே தோன்றும். இணையாய்ச் செல்லும் இருப்புப்பாதைத் தண்டவாளங்கள் தொலைவிற் கூடுவதுபோலத் தோன்றுவதன்றோ? இதுவும் அதுவே. சில நிமிடங்களில் சூரியன் உயர, நிழல் சுருங்கி மலையடிக்கு வந்து மறைந்துவிடும். பின்னர்ப் பள்ளத்தாக்கு வெப்பமடைய மேகங்கள் மேலெழுந்து உச்சியை மூடும். அதற்குள் இறங்கத் தொடங்குதல் நலம்.

இறங்குதல் எளிதென்று எண்ணுவோர் முழங்காலின் இயல்பை அறியாதோர். ஏறும்போது மூச்சு வாங்குமேயன்றித் தசைக்கு அவ்வளவு ஊறில்லை. இறங்கும்போதோ தொடையின் முன்தசை நீண்டபடியே உடற்பாரத்தைத் தாங்கவேண்டியிருத்தலின், அதன் நுண்ணிழைகள் சிதைகின்றன. வலி அன்று தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளுமே தெரியும். கைத்தடி ஒன்றும், படிக்குப் படி குறுக்காகக் கால் வைக்கும் பழக்கமும் அதனைச் சிறிது தணிக்கும். ஆயினும் ஊர் திரும்பிய புதியவர், அடுத்த வெள்ளிக்கிழமை கோணேசர் மலையின் சில படிகளை இறங்குவதற்குக் கைப்பிடிச் சுவரைத் தேடுவார்.