ஆள் கணக்கும் தூள் கணக்கும்

காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டதும் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் ஒரு கணக்கு எழுதுவார்கள்: அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று. அதற்குப் பெயர் ‘டர்ன் அவுட்’. ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இன்னொரு கணக்கு: மடுவத்தில் நிறுத்து அனுப்பிய பச்சைக் கொழுந்தில் எவ்வளவு தூள் கிடைத்தது என்று. அது ‘அவுட் டர்ன்’. 100 கிலோ கொழுந்துக்கு 20 கிலோவுக்குச் சற்று மேலே வந்தால் டீமேக்கர் நிம்மதியாகத் தூங்குவார். சொல் அதே இரண்டுதான். முன்பின் மாறினால் ஆள் கணக்கு தூள் கணக்காகிவிடுகிறது. ஹட்டன் பக்கம் ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

டர்ன் என்றால் திரும்புவது, அவுட் என்றால் வெளியே. இரண்டையும் கூட்டினால் ‘வேலைக்கு வந்தார்கள்’ எப்படி வரும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வராதுதான். டர்ன் அப் என்றால் வந்து சேர்வது, டர்ன் டவுன் என்றால் கேட்டதை மறுப்பது. எதிலும் திரும்புவது கிடையாது. சாமுவேல் ஜோன்சன் 1755இல் தமது அகராதியின் முன்னுரையிலேயே, பிறமொழிக்காரருக்கு ஆங்கிலத்தில் மிகக் கடினமானது இந்தச் சேர்க்கைதான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ‘ஃப்ரேசல் வேர்ப்’ என்ற பெயரைப் புத்தகத்தில் ஏற்றியவர் லோகன் பியர்சல் ஸ்மித். அது 1925இல். டியூஷன்காரர்கள் இவற்றை நீளப் பட்டியலாக அடித்து, பக்கத்தில் தமிழ் அர்த்தம் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தத் தாள் சோதனைக்கு முதல் நாள் இரவோடு சரி.

நான் தமிழில் இருந்துதான் தொடங்குவேன். “அப்பாயியப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு அம்மா மலைக்குப் போகிறாள். அதில் ‘கொள்’ என்ன செய்கிறது என்று எந்தப் பிள்ளையும் யோசிப்பதில்லை. பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு என்று மட்டும் தெரியும். நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையைக் கோக்கிறோம். ஆங்கிலேயர் ஒரு சின்னச் சொல்லைக் கோக்கிறார்கள். ‘லுக் ஆஃப்டர்’ அவர்களுடைய பார்த்துக்கொள்.

கோத்த பிறகு ஒரு சிக்கல் இருக்கிறது. ‘டர்ன் ஆஃப் த லைட்’ சரி, ‘டர்ன் த லைட் ஆஃப்’ என்பதும் சரி. ஆனால் லைட்டுக்குப் பதில் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: டர்ன் இட் ஆஃப். ‘லுக் அட்’ அப்படியல்ல. அது யாரையும் நடுவில் விடாது, ‘லுக் அட் இட்’ என்றுதான் வரும். முதலாவதில் ஆஃப் வினையடை, வினையோடு சேர்ந்தது, தள்ளியும் நிற்கும். இரண்டாவதில் அட் ப்ரிபொசிஷன், அடுத்து வரும் பெயரை விட்டு அகலாது. விதி மறந்துபோனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். டர்ன் இட் ஆஃப் என்கையில் குரல் ஆஃபில் ஏறும். லுக் அட் இட் என்கையில் அட் காதில் விழுவதே அரிது.

எங்கள் ஊரில் ஒரு விசித்திரம். “கூட்டம் போஸ்ட்போன் ஆயிருச்சு” என்று லயத்தில் எவரும் சொல்வார். அதே ஆளிடம் ‘புட் ஆஃப்’ என்றால் விழிப்பார், இரண்டுக்கும் பொருள் ஒன்றாக இருந்தும். போஸ்ட்போன் லத்தீன் வழி வந்த ஆபீஸ் சொல். கடிதத்திலும் சங்கத்து நோட்டீசிலும் ஏறி எங்களிடம் வந்தது. புட், கெட், டர்ன் எல்லாம் ஆங்கிலேயரின் அடுப்படிச் சொற்கள். அந்த அடுப்படிக்குள் போய்வந்தவர்கள் பங்களா அப்புவும் ஆயாவும்தான். மலையில் வேலை வாங்க துரைமார் ஆங்கிலம் பேசவில்லை, தமிழ் படித்தார்கள். சின்னத்துரைமாருக்கென்றே போட்ட தமிழ்க் கைநூலின் பெயரே ‘இங்கே வா’. அந்தப் பெயரைப் பார்த்தாலே தெரியும், பேச்சு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனதென்று.

சாதாரண தரத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டுச் சொற்களைத்தான். கோதுமை மா தீர்ந்துவிட்டது, ரொட்டி சுட வழியில்லை. இதை எப்படிச் சொல்வது? ‘ஃபினிஷ்’ என்பார்கள், தவறில்லை. ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஃப்ளவர்’ என்று பலகையில் எழுதினால் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். “யாரு டீச்சர் அவுட்டு?” கிரிக்கெட் வழியாகவாவது ஒன்று வந்து சேர்ந்திருக்கிறதே என்று நானும் சிரிப்பேன். பிறகு ‘ஆஃப்’ ஏன் விடக்கூடாது என்று தொடங்குவேன்: ‘வீ’ என்று தொடங்கிய வாக்கியத்தில் அது இல்லாவிட்டால் தீர்ந்துபோனது எதுவென்று சொல்ல முடியாது.